மாட்டு மருந்தும் குதிரைத் தோலும்

சேலத்திலிருந்து ஏற்காட்டுக்குப் போக இரண்டு வழி. ஊருக்குள்ளிருந்து நேராக அடிவாரம் போய் இருபது கொண்டை ஊசி வளைவுகளில் ஏறுவது ஒன்று. அயோத்தியாப்பட்டணம் பக்கமாகச் சுற்றி, குப்பனூரில் மலை ஏறத் தொடங்கி, கொட்டச்சேடு வழியாகப் போவது மற்றொன்று. முதல் பாதையில் மழைக்கு மண் சரியும்போதெல்லாம் எல்லா வண்டியும் குப்பனூர் பக்கம் திரும்பும். அப்படித் திரும்பிய ஒரு நாளில்தான் அந்தக் குதிரையைப் பார்த்தேன்.

டீக்கடைக்கு எதிரே மரத்தடியில் ஒரு செவலைக் குதிரை கட்டியிருந்தது. கல்யாண ஊர்வலத்துக்கும் கோயில் திருவிழாவுக்கும் வாடகைக்குப் போகும் மட்டக்குதிரை. பிடரி முடிந்து முதுகு தொடங்கும் மேட்டில் உள்ளங்கையில் பாதி அகலத்துக்குச் சேணம் உரசிய புண். புண்ணின் விளிம்பில் நீலப்பச்சைப் படிவு. அதன்மேல் வெள்ளைக் களிம்பு. களிம்பின் மேல் ஈ.

“என்ன போட்டிருக்கீங்க?” என்று கேட்டதற்குக் குதிரைக்காரர் வாய் திறக்கவில்லை. ஒரு பிளாஸ்டிக் டப்பாவைக் கொண்டுவந்து திறந்து காட்டினார். மனிதர்கள் மூட்டுவலிக்குத் தேய்க்கும் ஜெல் ஒரு டியூப். மெடிக்கலில் வாங்கிய அரிப்புக் கிரீம். கற்பூரத் தைலம். பொட்டலம் கட்டிய மயில்துத்தம். சந்தையில் வாங்கிய, லேபிளே இல்லாத பழுப்பு எண்ணெய். கடைசியாக, மாட்டு உண்ணிக்கு அடிக்கும் மருந்தில் அரைப் பாட்டில்.

“மாட்டாஸ்பத்திரிக்குக் கூட்டிட்டுப் போகலையாண்ணே?”

“போகாம என்னங்க சார்? டாக்டர் மாட்டையும் ஆட்டையும் தொட்டுப் பாப்பாரு. குதிரைன்னா அவரே ரெண்டு அடி தள்ளி நின்னுக்கிறாரு.”

தமிழ்நாட்டில் குதிரைத் தோலில் என்னவெல்லாம் பூசப்படுகிறது, ஏன் பூசப்படுகிறது என்பதற்கு அந்த டப்பாவே ஆவணம். இந்தக் கட்டுரையும் அதற்குள் கைவிட்டு ஒவ்வொன்றாக எடுத்துப் பார்க்கும் வேலைதான்.

உரிமம் இல்லாத மருந்து என்றால் நமக்கு நினைவுக்கு வருவது பெயரில்லாத பாட்டில். டப்பாவில் அப்படி இருந்தது ஒன்றே ஒன்று. ஜெல், கிரீம், உண்ணி மருந்து ஆகியவற்றில் உரிம எண், தொகுதி எண், காலாவதித் தேதி எல்லாம் முறையாக அச்சிடப்பட்டிருந்தன. ஆனால் அந்த உரிமம் குதிரைக்குக் கொடுத்ததில்லை. ஜெல் மனிதனுக்கு, உண்ணி மருந்து மாட்டுக்கு. ஒரு மருந்துக்கு அனுமதி கொடுக்கும்போது அரசு பார்ப்பது, இந்தப் பொருளை இந்த உயிருக்கு இந்த அளவில் இந்த நோய்க்குக் கொடுத்தால் என்ன ஆகும் என்பதைத்தான். உயிர் மாறினால் அந்தச் சோதனை செல்லாது. பெயரில்லாத பாட்டிலைப் பார்த்தால் யாருக்கும் கொஞ்சம் சந்தேகம் வரும். முறையான லேபிள் ஒட்டிய பாட்டிலைப் பார்த்தால் வராது. அதனால் இரண்டாவதுதான் பெரிய ஆபத்து என்பது என் முடிவு.

சட்டத்திலேயே ஒரு சின்ன ஓட்டை இருக்கிறது. 1945ஆம் ஆண்டின் மருந்து விதிகளின்படி, விலங்கு மருந்துகளில் ‘மனிதருக்கு அல்ல, விலங்குச் சிகிச்சைக்கு மட்டும்’ என்ற பொருளில் வாசகம் இருக்க வேண்டும். ஒரு வீட்டு விலங்கின் தலைப்படமும் இருக்க வேண்டும். பெரும்பாலான பாட்டில்களில் அது மாட்டுத் தலை. ஆங்கிலம் படிக்கத் தெரியாதவருக்கு அந்தப் படம் சொல்லும் செய்தி ‘இது கால்நடை மருந்து’ என்பதுதான். குதிரையும் கால்நடைதானே? எந்த விலங்குக்கு, எதற்குக் கூடாது என்பது எறும்பு எழுத்தில், ஆங்கிலத்தில், பாட்டிலின் பின்பக்கம்.

அந்த எறும்பு எழுத்தின் விலை எவ்வளவு என்பதற்கு உண்ணி மருந்தே சாட்சி.

மாட்டு உண்ணிக்கு நம் ஊர் மருந்துக்கடைகளில் அதிகம் விற்பவற்றில் ஒன்று அமிட்ராஸ். 12.5 சதவீதக் கரைசல். ஒரு லிட்டர் தண்ணீருக்கு 2 மில்லி கலந்து மாட்டின் மேல் தெளிப்பார்கள். மாட்டுக்கு நல்ல மருந்து, மலிவானதும்கூட. பல நாடுகளில் இதன் லேபிளிலேயே குதிரைக்குப் பயன்படுத்தக் கூடாது என்று எழுதியிருக்கும். காரணம் தோலில் இல்லை, குடலில் இருக்கிறது. அமிட்ராஸ் நரம்பு மண்டலத்தில் ஒருவகை ஏற்பிகளைத் தூண்டுகிறது. உண்ணியைப் பிடிவிடச் செய்யும் அந்த வேலையே குதிரைக்குள் போனால் குடல் அசைவைத் தளர்த்திவிடும். மாட்டுக்கு நான்கு அறை வயிறு, அசைபோடும் வசதி. குதிரையின் வயிறோ அதன் உடம்புக்கு மிகச் சிறியது. தின்ற நார்த்தீவனம் முழுவதும் பின்னாலிருக்கும் பெருங்குடலில்தான் புளித்துச் செரிக்கிறது. அந்தப் பெருங்குடல் மடிந்து மடிந்து கிடக்கிறது. ஓரிடத்தில் அகலமான குழாய் திடீரென்று குறுகித் திரும்பும். அசைவு நின்றால் தீவனம் அங்கே கட்டிப்படும். குதிரையால் வாந்தி எடுக்க முடியாது. போனது போன வழியில் திரும்பாது.

1980களில் ஆஸ்திரேலியக் கால்நடை மருத்துவர்கள் இதை விரிவாகப் பதிவு செய்தார்கள். உண்ணிக்கு அமிட்ராஸ் தெளிக்கப்பட்ட குதிரைகள் முதலில் தூங்கி வழிந்தன, கால் பின்னின, பிறகு சாணம் நின்றது. மலச்சிக்கலாகத் தொடங்கிய வயிற்றுவலி சிலவற்றின் உயிரையே வாங்கியது. தண்ணீரில் கலந்த அமிட்ராஸை அடுத்த வாரத்துக்கென்று எடுத்து வைக்கும் பழக்கம் இன்னும் மோசம். கரைசல் பழசாகும்போது அது வேறு சேர்மமாகச் சிதைகிறது; அந்தச் சேர்மம் குதிரைக்கு இன்னும் கடுமையான நஞ்சு.

நம் ஊரில் இது எப்படி நடக்கும் என்று யோசித்துப் பார்க்கலாம். ஞாயிற்றுக்கிழமை காலையில் மாட்டுக்குத் தெளிக்கிறார்கள். வாளியில் மீதி இருக்கிறது. குதிரைக் காதுக்குள்ளும் வால் அடியிலும் உண்ணி. அதே துணியை முக்கித் துடைத்துவிடுகிறார்கள். திங்கள் மாலை குதிரை கொள்ளைத் தொடவில்லை. செவ்வாய்க்கிழமை அது திரும்பித் திரும்பித் தன் வயிற்றையே பார்க்கிறது. காலால் தரையைக் கீறுகிறது. குதிரைக்காரருக்குத் தெரிந்தது, கொள்ளு வேகாமல் போனதோ, தண்ணீர் குறைந்ததோ என்பதுதான். தோலில் துடைத்ததற்கும் வயிற்றில் வந்ததற்கும் இடையே இரண்டு நாள். அந்த இரண்டு நாள் இடைவெளியில் காரணம் தொலைந்துபோகிறது. இப்படிப் போன குதிரைகள் எந்தக் கணக்கிலும் வராது.

குதிரையின் விலாவில், இடுப்பெலும்புக்குச் சற்று முன்னால் காதை வைத்துக் கேட்டால் வயிறு ஓயாமல் உருமுவது கேட்கும். நல்ல குதிரையின் வயிறு சும்மா இருக்காது. அந்தச் சத்தம் அடங்கிப்போனால் ஆபத்து என்று அர்த்தம். இதைக் குப்பனூர்க்காரரிடம் சொன்னேன். அவர் உடனே போய்க் காதை வைத்துக் கேட்டார். “ஓடுதுங்க” என்று சிரித்தார்.

குதிரைத் தோலைப் பற்றியும் ஒன்று சொல்ல வேண்டும். பார்க்கத் தடித்ததுபோல் இருந்தாலும் அது மெல்லிய, உணர்ச்சி மிகுந்த தோல். ஒற்றை ஈ உட்கார்ந்தாலும் அந்த இடம் மட்டும் சிலிர்க்கும். வீட்டு விலங்குகளிலேயே அதிகம் வியர்ப்பதும் குதிரைதான். வியர்த்த தோலில், மூடிய சேணத்துக்கு அடியில், கட்டுப்போட்ட காலில் பூசிய எதுவும் வெறும் தோலில் பூசியதைவிட அதிகமாக உள்ளே போகும். போதாததற்குக் குதிரை தன் காலைத் தானே கடித்து நக்கும். பக்கத்துக் குதிரையின் பிடரியையும் கடித்துவிடும். மேலுக்குப் பூசுவதுதானே என்ற சமாதானம் குதிரையிடம் செல்லாது.

அடுத்தது மூட்டுவலி ஜெல். அதில் இருக்கும் முக்கிய மருந்து டைக்ளோஃபெனாக். குதிரைக்கு டைக்ளோஃபெனாக் பூசுவதே தவறு என்று சொல்லிவிட முடியாது. அமெரிக்காவில் 2004இல் குதிரை மூட்டுவலிக்கென்றே 1 சதவீத டைக்ளோஃபெனாக் கிரீமுக்கு அனுமதி கொடுத்திருக்கிறார்கள். அங்கே அளவு உண்டு, பத்து நாள் என்ற வரம்பு உண்டு, பூசுகிறவர் கையுறை போட வேண்டும் என்ற விதி உண்டு. இந்தியாவில் இதே மருந்தை எந்த விலங்குக்கும் பயன்படுத்தக் கூடாது. 2006இல் விலங்கு டைக்ளோஃபெனாக்கைத் திரும்பப் பெற உத்தரவிட்டார்கள். 2008இல் அது அரசிதழில் முழுத் தடையாக வந்தது. மனிதருக்கான பெரிய ஊசிக் குப்பிகள் மாட்டுக்குப் போவதைத் தடுக்க, 2015இல் குப்பியின் அளவை 3 மில்லியாகக் குறைத்தார்கள். 2023இல் கீட்டோபுரொஃபெனும் அசெக்ளோஃபெனாக்கும் விலங்குகளுக்குத் தடை செய்யப்பட்டன.

ஏன் இத்தனை கடுமை? பாறு எனப்படும் பிணந்தின்னிக் கழுகுகளுக்காக. டைக்ளோஃபெனாக் ஏறிய மாடு செத்து, அதைத் தின்ற பாறுகளின் சிறுநீரகம் செயலிழந்து அவை கூட்டம் கூட்டமாய் மடிந்தன. 1990களில் தொடங்கிய அந்தச் சாவில் இந்தியாவின் வெண்முதுகுப் பாறுகளில் நூற்றுக்குத் தொண்ணூற்றொன்பதுக்கு மேல் போய்விட்டன. எஞ்சிய கொஞ்சத்தில் ஒரு பகுதி நம் நீலகிரியின் அடியில், மாயாற்றுப் பள்ளத்தாக்கிலும் சீகூர்ப் பகுதியிலும் வாழ்கிறது. மேலே ஊட்டி. ஊட்டி ஏரிக்கரையில் சவாரிக் குதிரைகள். பூசிய ஜெல்லிலிருந்து உடம்பில் ஏறும் மருந்து ஊசி அளவு இருக்காது, உண்மை. ஆனால் ஜெல் பூசியும் நொண்டுகிற குதிரைக்கு அடுத்து ஊசிதான் போடுவார்கள். அதுவும் கையில் கிடைத்த மனித ஊசி. வலி மருந்தின் மேல் வலி மருந்து ஏறும்போது குதிரைக்கு வயிற்றுப்புண் வரும், சிறுநீரகம் கெடும். வெட்டவெளியில் எறியப்படும் பிணத்திலும் அது இருக்கும்.

பாறு இருக்கட்டும், குதிரைக்கே வருவோம். வலி தெரியாத கால் ஓடும். கீழ்க்காலின் பின்புறம் ஓடும் நாணில் சிறு கிழிசல் விழுந்தால் குதிரை நொண்டும். நொண்டுவதால் அதற்கு ஓய்வு கிடைக்கும். ஓய்வில் அது சேரும். ஜெல்லைத் தேய்த்து நொண்டலை மறைத்து, ஒரு சவாரிக்கு எழுபது கிலோ என்று பத்து சவாரி ஏற்றினால் கிழிசல் பெரிதாகும். விடுமுறைக் காலத்துக் கோடை வருமானம்தான் வருஷத்தின் பாதி என்பவரிடம் ஆறு வாரம் ஓய்வு கொடு என்று சொல்வது எளிதில்லை என்பதும் எனக்குத் தெரியும்.

அரிப்புக் கிரீமில் மூன்று சரக்கு: ஒரு வலுவான ஸ்டீராய்டு, ஒரு பூஞ்சைக்கொல்லி, ஓர் ஆன்டிபயாடிக். மருத்துவர் சீட்டு இல்லாமல் இவை நாடெங்கும் பவுடர்போல் விற்கப்பட்டு, மனிதர்களிடமே படர்தாமரையை முரட்டு நோயாக்கிவிட்டன. அதனால்தான் 2018இல் 14 ஸ்டீராய்டு களிம்புகளைச் சீட்டு இல்லாமல் விற்கக் கூடாத பட்டியலில் சேர்த்தார்கள். குதிரைக்கும் படர்தாமரை வரும். சேணமும் துடைக்கும் துணியும் அதை ஒன்றிலிருந்து இன்னொன்றுக்கும், குதிரையிலிருந்து ஏறும் குழந்தைக்கும் கடத்தும். ஸ்டீராய்டு பூசினால் சிவப்பு மறையும், பூஞ்சை பரவும். திறந்த புண்ணில் பூசினால் புண் ஆறுவது தள்ளிப்போகும். ஸ்டீராய்டு உடம்பில் ஏறினால் சில குதிரைகளுக்குக் குளம்புக்குள் அழற்சி வந்து நிற்கவே முடியாமல் போகும் என்ற அச்சம் குதிரை மருத்துவர்களுக்கு எப்போதும் உண்டு.

இனி அந்த நீலப்பச்சைப் படிவு. மயில்துத்தம் ஏற்காட்டுக்குப் புதிதில்லை. 1820களில் சேலம் கலெக்டராக இருந்த காக்பர்ன் சேர்வராயன் மலைக்குக் காப்பியைக் கொண்டுவந்தார் என்பது வரலாறு. காப்பி வந்த இடத்துக்கு இலைத்துரு நோயும் வந்தது; அதற்கு மயில்துத்தமும் சுண்ணாம்பும் கலந்த போர்டோ கலவை. இன்றும் மலைத் தோட்டத்துக் கிடங்குகளில் இவை மூட்டையாக இருக்கும். கிடங்கில் இருப்பது கால்நடைக்கும் கைவைத்தியமாவது எல்லா மலையிலும் நடப்பதுதான்.

மயில்துத்தத்தில் ஒரு நியாயம் உண்டு. குதிரையின் முழங்காலுக்குக் கீழே புண் வந்தால் சதை அடங்காமல் காலிஃபிளவர்போல் புடைத்து வளரும். அதன்மேல் தோல் மூடாது. அந்தச் சதையைச் சுட்டுக் கரைக்க மயில்துத்தத்தை வைப்பது உலகெங்கும் பழைய பழக்கம். சிக்கல் என்னவென்றால், அது வேண்டாத சதையை மட்டும் பார்த்துச் சுடாது. புண்ணின் ஓரத்திலிருந்து மெல்ல நகர்ந்துவரும் புதுத் தோலின் விளிம்பையும் சேர்த்துச் சுடும். அந்த விளிம்பு போனால் புண் மூட ஆளில்லை. சதை மறுபடி புடைக்கும், மறுபடி துத்தம். சரியான வழி, மருத்துவர் அந்தச் சதையைக் கத்தியால் சீவிவிட்டுக் கட்டுப்போடுவது. அந்தச் சதையில் நரம்பு இல்லை, குதிரைக்கு வலிக்காது, ரத்தம்தான் கொட்டும். குப்பனூர்க் குதிரைக்கோ புண் முதுகில். அங்கே சதை புடைக்கும் சிக்கலே அபூர்வம். மயில்துத்தத்துக்கு அங்கே வேலையே இல்லை.

கற்பூரத் தைலத்தை நான் எதிர்க்கமாட்டேன். புழு வைத்த புண்ணில் தைலத்தில் நனைத்த துணியை வைத்து, புழு வெளியே வந்ததும் இடுக்கியால் எடுத்துவிட்டு, புண்ணைக் கழுவுவது கால்நடை மருத்துவர்களே சொல்லும் முறை. தைலத்தைப் புழு இல்லாத புண்ணிலும் நல்ல தோலிலும் ஊற்றித் தேய்ப்பதுதான் தவறு, தோல் கொப்புளிக்கும். முன்பு புழுப்புண்ணில் பிஎச்சி என்ற பூச்சிக்கொல்லித் தூளைத் தூவுவார்கள். அந்தத் தூள் 1997இல் தடை செய்யப்பட்டது. அதன் இடத்தில் இப்போது வயலுக்குப் போடும் குருணை மருந்தைத் தூவுகிறவர்கள் உண்டு. அது புண் வழியே ரத்தத்தில் ஏறி, எச்சில் ஒழுகி, தசை துடித்து, மூச்சு நின்று கொல்லும் வகை. சொறிக்குப் பழைய என்ஜின் ஆயில் பூசுவதும் அப்படியே: சொறிப்பூச்சி மூச்சுமுட்டிச் செத்தாலும், எரிந்த எண்ணெயில் கலந்த உலோகத் துகளைக் குதிரை நக்கித் தின்கிறது.

மிச்சம் இருப்பது சந்தை எண்ணெய். அந்தியூர் குருநாதசாமி கோயிலில் ஆடி மாதம் கூடும் குதிரைச் சந்தையைப் பற்றித் தமிழ்நாட்டுக் குதிரைக்காரர்களுக்குச் சொல்ல வேண்டியதில்லை. கத்தியவாரும் மார்வாரியும் நாட்டு மட்டமும் அங்கே ஒன்றாகப் பார்க்கலாம். அந்தச் சந்தையைக் குறை சொல்லவில்லை; குப்பனூர்க்காரர் எண்ணெய் வாங்கியது வேறெங்கோ. எல்லா ஊர்ச் சந்தையிலும் தோல், கயிறு, மணி, லாடம் விற்கும் வரிசையில் லேபிள் இல்லாத பாட்டில்களும் வந்து உட்கார்ந்துகொள்கின்றன. மூடியைத் திறந்து மோந்தேன். கற்பூரமும் மிளகாயும் புகையிலையும் கலந்த வாடை. அதற்குக் கீழே வேறு ஏதோ ஒன்று.

அந்த வேறு ஏதோ என்னவாக இருக்கலாம்? வெள்ளைக்காரக் குதிரைப்படைக் காலத்தில் நொண்டிக் காலுக்குப் பாதரச அயோடைடு களிம்பு பூசிக் கொப்புளம் வரவைப்பது சாதாரண வைத்தியம். கொப்புளம் வந்தால் ரத்தம் ஓடி நாண் சேரும் என்பது நம்பிக்கை. டை மெத்தில் சல்ஃபாக்சைடு என்ற கரைப்பான் இன்னொன்று. குதிரைக் கால் வீக்கத்துக்கு அமெரிக்காவில் 1970லேயே அனுமதி பெற்ற மருந்து; அதன் தனிக்குணம், தோலில் தன்னோடு கலந்திருப்பதையும் உள்ளே இழுத்துக்கொண்டு போவது. இந்த இரண்டையும் சேர்த்துப் பூசிய குதிரைகளின் உடம்பில் பாதரசம் ஏறி நஞ்சானது மருத்துவ ஏடுகளில் பதிவாகியிருக்கிறது. தனித்தனியே தெரிந்த இரண்டு பொருள், சேர்ந்தபோது கொலை மருந்து. லேபிள் இல்லாத பாட்டிலில் கலவை என்ன என்று விற்றவருக்கே தெரியாதபோது, விஷ முறிவுக்கு மருத்துவர் எதைத் தேடுவார்?

மிளகாய்க்கு வருவோம். மிளகாயில் இருக்கும் காப்சைசின் முதலில் எரிக்கும், பிறகு மரத்துப்போகச் செய்யும். 2008 பெய்ஜிங் ஒலிம்பிக்கில் நார்வே அணியின் காமிரோ என்ற குதிரையின் உடம்பில் காப்சைசின் கண்டுபிடிக்கப்பட்டு, தடை தாண்டும் போட்டியில் வென்ற வெண்கலப் பதக்கத்தையே அந்த நாடு இழந்தது. அதே போட்டியில் வேறு குதிரைகளும் இதே காரணத்துக்காகச் சிக்கின. காலில் எரிச்சல் களிம்பு பூசினால் குதிரை கட்டையில் கால் படப் பயந்து உயரத் தாண்டும் என்பது அந்த விளையாட்டில் பழைய சந்தேகம். பணமும் மருத்துவர் பட்டாளமும் உள்ள இடத்திலேயே ஒரு களிம்பு இந்தப் பாடு படுத்தியது.

இங்கிலாந்தில் இதே கவலைக்கு வேறு முகம். அங்கே குதிரைத் தோலில் மருபோல் வளரும் சார்காய்டு என்ற கட்டி பெரும் தொல்லை. மாட்டு மரு வைரஸ்தான் அதற்குக் காரணம். அதை அரித்து எடுக்கும் களிம்புகளைத் தனியார் சமைத்து விற்பதுண்டு. அரைகுறையாகச் சுட்ட சார்காய்டு முன்னைவிட மூர்க்கமாகத் திரும்பும். லிவர்பூல் பல்கலைக்கழகத்தில் உருவான சார்காய்டு களிம்பை அதனால்தான் மருத்துவர் கையில் மட்டும் கொடுத்தார்கள்.

பூசி மறைப்பதில் எல்லாவற்றையும்விட எனக்குப் பயம் தருவது கிளாண்டர்ஸ் என்ற தொற்றுநோய். தோலடியில் முடிச்சு முடிச்சாக வந்து, உடைந்து, தேன் நிறத்தில் சீழ் வடியும். ஆறாத புண் என்று ஆறு மாதம் களிம்பு மாற்றி மாற்றிப் பூசிக்கொண்டிருப்பார்கள். அது மனிதருக்கும் தொற்றும், கொல்லும். அதற்கு இந்தியாவில் குதிரைக்குச் சிகிச்சை கிடையாது. ரத்தப் பரிசோதனையில் உறுதியானால் கருணைக் கொலைதான், உரிமையாளருக்கு இழப்பீடு உண்டு. 2009ஆம் ஆண்டின் கால்நடைத் தொற்றுநோய்ச் சட்டப்படி சந்தேகம் வந்தாலே தெரிவிக்க வேண்டும். ஹரியானாவின் ஹிசாரில் 1985இல் தொடங்கிய தேசியக் குதிரையின ஆராய்ச்சி மையம்தான் இதன் பரிசோதனைக்கு முதன்மை இடம். வடமாநிலங்களில் இந்த நோய் திரும்பத் திரும்பத் தலைகாட்டுகிறது. குதிரைகள் மாநிலம் விட்டு மாநிலம் விற்கப்படுகின்றன. சீழ் வடியும் முடிச்சின் மேல் களிம்பு பூசிய கையால் சோறு தின்னக் கூடாது என்பதற்கு இதைவிடக் காரணம் வேண்டாம்.

இத்தனையும் தெரிந்தால் குதிரைக்காரர்கள் விட்டுவிடுவார்களா? கேள்வி அப்படி எளிதாக இல்லை. பதின்மூன்றாம் நூற்றாண்டின் இறுதியில் பாண்டிய நாட்டுக் கரைக்கு வந்த மார்க்கோ போலோ, அரபு, பாரசீகத் துறைகளிலிருந்து ஆயிரக்கணக்கில் குதிரைகள் இங்கே வந்து இறங்குவதையும், பராமரிக்கத் தெரிந்தவர்கள் இல்லாமல் அவை ஆண்டு முடிவதற்குள் பெரும்பாலும் செத்துப்போவதையும் எழுதியிருக்கிறார். வைத்தியம் தெரிந்தவர்களை இங்கே வரவிடாமல் குதிரை வியாபாரிகளே தடுத்தார்களாம். செத்தால்தானே அடுத்த கப்பல் விற்கும். வெளியூர்க்காரர் எழுத்து, கொஞ்சம் மிகை இருக்கலாம். ஆனால் குதிரை நமக்கு எப்போதும் வெளியிலிருந்து வந்த பிராணி. மாட்டு வைத்தியம்போல் குதிரை வைத்தியம் ஊருக்கு ஊர் வேரூன்றவில்லை. ஐயனாருக்கு ஊர்தோறும் மண்குதிரை வைத்தோம். உயிர்க் குதிரைக்கு வைத்தியர் வைக்கவில்லை.

இப்போதைய கணக்கு இன்னும் மெலிவு. 2019 கால்நடைக் கணக்கெடுப்பில் நாடு முழுவதும் குதிரையும் மட்டக்குதிரையும் சேர்த்து சுமார் 3.4 லட்சம். ஏழு ஆண்டுக்கு முந்தைய கணக்கிலிருந்து 45 சதவீதத்துக்கு மேல் சரிவு. இந்தச் சின்னச் சந்தைக்காக எந்த மருந்துக் கம்பெனியும் குதிரைக்கென்று தனியாகச் சோதனை செய்து உரிமம் வாங்க அவசரப்படாது. அதனால் மருத்துவர்களே பல சமயம் மாட்டு மருந்தையும் மனித மருந்தையும் குதிரைக்கு எழுத வேண்டியிருக்கிறது. அது தவறில்லை. எதைக் குதிரைக்குக் கொடுக்கலாம், எதைக் கூடாது, எடைக்கு எவ்வளவு என்ற படிப்பு அவருக்கு உண்டு. தவறு நடந்தால் பதில் சொல்லும் பொறுப்பும் உண்டு. மெடிக்கல் கடைப் பையனுக்கு இரண்டும் இல்லை.

நாட்டு வைத்தியத்தை இந்தக் கணக்கில் எங்கே வைப்பது? தமிழ்நாட்டில் மரபுவழிக் கால்நடை மருத்துவத்தைப் பேராசிரியர் ந. புண்ணியமூர்த்தி போன்றவர்கள் முறைப்படுத்தியிருக்கிறார்கள். சோற்றுக்கற்றாழை, மஞ்சள், சுண்ணாம்பு சேர்த்து அரைத்து மாட்டின் மடிவீக்கத்துக்குப் பூசுவது இன்று பால் கூட்டுறவுகள் வரை போயிருக்கிறது. அதற்குப் பின்னால் அளவும் பார்த்துப் பார்த்துச் சேர்த்த அனுபவமும் உண்டு. அந்த அனுபவம் மாட்டினுடையது. அதே சுண்ணாம்பு விழுதைக் குதிரையின் சேணப்புண்ணில் அப்பினால் எரியும். நாட்டு மருந்தானாலும் உரிமக் கேள்வி விலகாது: 1940ஆம் ஆண்டின் மருந்துச் சட்டம் ஆயுர்வேத, சித்த, யுனானி மருந்து என்று சொல்லும்போதே மனிதருக்கும் விலங்குக்கும் சேர்த்தே சொல்கிறது. மூலிகை என்று எழுதிப் பாட்டிலில் அடைத்து விற்பவருக்கும் உரிம எண் வேண்டும். வீட்டு வேப்பெண்ணெய்க்கு யாரும் உரிமம் கேட்கப் போவதில்லை. அதையும் முதல்முறை பூசும்போது கழுத்தில் நான்கு விரல் அகலத்துக்கு மட்டும் தடவி, ஒரு நாள் பொறுத்துப் பார்ப்பது நல்லது.

1960ஆம் ஆண்டின் விலங்கு வதைத் தடுப்புச் சட்டம், கேடு செய்யும் மருந்தையோ பொருளையோ தெரிந்தே, நியாயமில்லாமல் விலங்குக்குக் கொடுப்பதைக் குற்றமாகச் சொல்கிறது. டப்பாவோடு வந்த அந்த மனிதரை இந்தச் சட்டத்துக்குள் நிறுத்த எனக்கு மனம் வரவில்லை. அவர் குதிரையைக் கவனிக்காமல் விட்டவரில்லை. கிடைத்ததையெல்லாம் வாங்கிப் பூசியவர். குற்றம் கேட்க வேண்டிய இடம், ‘குதிரைக்குக் கூடாது’ என்ற இரண்டு சொல்லைத் தமிழில் பெரிதாக அச்சிடாத லேபிளில் இருக்கிறது. குதிரைக்கு என்று கேட்டபோது மறுபேச்சில்லாமல் எடுத்துக் கொடுத்த கடையில் இருக்கிறது. குதிரைச் சவாரிக்கு உரிமமும் கட்டணமும் விதிக்கத் தெரிந்த சுற்றுலா ஊர்கள், மாதம் ஒரு நாள் குதிரைகளைப் பார்க்க ஒரு மருத்துவரை அழைக்காததில் இருக்கிறது. தலைவாசலிலும் நாமக்கல்லிலும் கால்நடை மருத்துவக் கல்லூரிகள் வைத்திருக்கும் ஒரு வட்டாரத்தில் இது ஒன்றும் பெரிய கோரிக்கை இல்லை.

சேணப்புண்ணுக்கு அன்று நான் சொன்னது இவ்வளவுதான்: சேணம் போடாமல் இருப்பதே முதல் மருந்து. கொதித்து ஆறிய ஒரு லிட்டர் தண்ணீரில் இரண்டு தேக்கரண்டி உப்புப் போட்டுப் புண்ணைக் கழுவி, மேலே இருக்கும் களிம்பையெல்லாம் எடுத்துவிட்டு, ஈ உட்காராமல் மெல்லிய துணி கட்டுங்கள். புண் ஆறிய பிறகு சேணத்தை அப்படியே போடாமல், அந்த மேட்டில் உரசாதபடி அடியில் திண்டு தையுங்கள். உண்ணியை மருத்துவர் சொல்லும் மருந்தால் மட்டும் எடுங்கள். அமிட்ராஸ் ஏற்கெனவே பட்டுவிட்டால் கையுறை போட்டு சோப்புத் தண்ணீரால் குதிரையைக் கழுவிவிட்டு, அந்தப் பாட்டிலையும் கையோடு எடுத்துக்கொண்டு மருத்துவரிடம் போங்கள்.

அவர் எல்லாவற்றையும் கேட்டுவிட்டு, டப்பாவிலிருந்து உண்ணி மருந்தை மட்டும் எடுத்துத் தனியே வைத்தார். “இதைப் பக்கத்து வீட்டு மாட்டுக்குக் குடுத்துடறேன். மத்தது இருக்கட்டுங்க சார், வேற என்ன இருக்கு?” என்றார்.

தமிழ்நாட்டில் கால்நடை ஆம்புலன்ஸை அழைக்கக் கட்டணமில்லாத எண் 1962. குதிரைக்கும் அதே எண்தான்.